பந்தைப் பிடிக்கிற கை

மொன்றியல்,
20 செப்டெம்பர் 2005

என் அன்புத் தம்பி டனிஸ்ரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் அம்மாவும் குழந்தை ஷெரோனும் சுகம். புளோரிடாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருக்க வேண்டுமென்று சூசையப்பரை மன்றாடுகிறேன்.

இந்தக் கடிதம் ஆறு கிழமை பிந்திவிட்டது. பேஸ்போல் விளையாடப் புளோரிடாவுக்குப் போன நீ இனிப் பந்தெறிய முடியாது என்று டாக்டர்மார் முடிவாகச் சொன்ன அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். மூன்று தரம் தொடங்கினேன். ஒன்றில் ஷெரோன் அழுதாள், இல்லாவிட்டால் நான் அழுதேன். இப்போது மத்தியானம். அவள் தூங்குகிறாள். எழும்புவதற்குள் முடிக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. ஒன்பது வயதில் இங்கே வந்தவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். போனில் என்றால் "பேந்து கதைக்கிறன் அக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் விட்டாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெரோனின் ஞானஸ்நானம் ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நீதான் ஞானத்தகப்பன் என்பது அவள் என் வயிற்றில் இருக்கும்போதே முடிவானது. போன கிழமை நீ அம்மாவிடம், "வேறை ஆரையும் பாருங்கோ, இந்தக் கையாலை பிள்ளையை ஏந்தேலாது, விழுத்திப்போடுவன்" என்று சொன்னாயாம். அதை என்னிடம் சொல்ல அம்மாவுக்கு இரண்டு நாள் எடுத்தது. நான் வேறு யாரையும் கேட்கவில்லை. கோயிலில் தந்த படிவத்தில் ஞானத்தகப்பனின் பெயர் எழுதும் கோட்டை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. போன மாதம் காதுவலி, நூற்றிரண்டு காய்ச்சல். இப்போது மாறிவிட்டாலும் நான் மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அத்தான், "நீர் தொட்டுத் தொட்டே பிள்ளைக்குச் சூடு வரப்போகுது" என்று பகிடி பண்ணுகிறார். நான் எப்போதும் இப்படித்தான் என்று உனக்குத் தெரியும். நீ அனுப்பிய மருத்துவ அறிக்கையையும் அப்படித்தான் மூன்று தரம் வாசித்தேன். உயிரியல் படித்த படிப்பு இதற்காவது உதவியது. தோள்மூட்டுப் பழுதால் வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பாது, பந்தெறிதல் இனி இல்லை. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. நீ எல்லோர் முகத்திலும் கரி பூசிவிட்டாய் என்று அதில் எந்த வரியிலும் இல்லை.

அம்மாவிடம் நீ அப்படிச் சொன்னாயாம். "இவ்வளவு சனமும் என்னை நம்பினதுகள், என்ன முகத்தோடை வாறது" என்று கேட்டாயாம். அந்தச் சனம் என்ன செய்தது என்பதைக் கேள்.

டாக்டர்மாரின் முடிவு தெரிந்த அன்று நான் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, மைதானத்துக்கு எதிரே இருக்கும் முசியே ரெமோனின் டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடை பூட்டியிருந்தது. இருபது வருடத்தில் அந்த மனிசன் பகலில் கடை பூட்டியதை யாரும் கண்டதில்லை. போன வருடம் எக்ஸ்போஸ் பேஸ்போல் அணி இந்த நகரத்தை விட்டே போனபோதுகூடத் தோளைக் குலுக்கிவிட்டு லொத்தர் சீட்டு விற்றுக்கொண்டிருந்தவர். பார்த்தால், பின்கதவுப் படியில் இருக்கிறார், கையில் உன் படம் வந்த உள்ளூர்ப் பத்திரிகை. "எக்ஸ்போஸ் ஒரு கம்பெனி, மதாம், டனி எங்கட தெருப் பிள்ளை" என்று பிரெஞ்சில் சொல்லி மூக்கைச் சிந்தினார். அந்தப் படம் இப்போது அவருடைய குளிர்பானப் பெட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. சோடா எடுக்கிற ஒவ்வொருவரும் உன் முகத்தைத்தான் திறக்க வேண்டும்.

அடுத்தது செபஸ்தியாம்பிள்ளை மாமா. ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டு, அதே உடுப்போடு உன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் பானை மூடி தட்டிய மனிசன். முதல் வருடம் நாங்கள் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? எங்களுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிராளி அடித்த பந்து பின்னால் பறந்தால், அது நாலு ஓட்டம் என்று நினைத்து இருபது பேரும் ஒன்றாகத் தலையில் கை வைத்து "ஐயோ!" என்போம். மாமா, "குடுத்திட்டானடா நாலு!" என்று மூடியைக் கீழே எறிவார். அது பிழையான அடி, உன் பக்கத்துக்குத்தான் நல்லது என்று அரை வருடம் கழித்து முசியே ரெமோன் வந்து விளங்கப்படுத்தினார். அதுவரை, நீ நன்றாக எறிந்த போதெல்லாம் நாங்கள் செத்தவீடு கொண்டாடியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து நீ, "தயவுசெய்து ஒருத்தரும் வராதேங்கோ" என்று கத்தினாய். அடுத்த ஆட்டத்துக்கு முப்பது பேர் வந்தோம்.

உன் தோள் பழுதான செய்தி வந்தவுடன், மே மாதம், மாமா ஒரு நேர்த்தி வைத்தார். நீ திரும்ப எறிந்தால் சூசையப்பர் பேராலயத்தின் தொண்ணூற்றொன்பது மரப்படியையும் முழங்காலில் ஏறுவது. அவருடைய முழங்கால் இருக்கிற நிலைமையில் அக்னெஸ் மாமி அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். ஓகஸ்ட்டில் முடிவு தெரிந்ததும், நேர்த்தியும் போனது, முழங்காலும் தப்பியது என்று மாமி மூச்சு விட்டிருக்கிறார். மாமாவோ, "சனிக்கிழமை ஏறப்போறன்" என்றாராம்.

மாமி விடவில்லை. "கேட்டது கிடைக்கேல்லை, பிறகென்ன ஏறுதல்? உங்களுக்கு விசரே?" என்று கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு, "அது கேக்கிறதுக்கு வைச்ச நேர்த்தி, இது நன்றிக்கு. நாலு கோடைக்கு அந்தப் பெடியன் எனக்கு முதுகுவலியை மறக்கப்பண்ணினவன். அதுக்கு ஆரப்பா ஏறுறது?" என்றார். சனிக்கிழமை முதலாவதாகக் காரில் ஏறி இருந்தவர் மாமிதான்.

இருபத்தாறு பேர் போனோம், தம்பி. பாதிப் பேர் உன் பதினேழாம் இலக்கச் சட்டையோடு. முசியே ரெமோனும் வந்தார், கோயில் பக்கம் தலை வைத்து முப்பது வருடமாம். ஒவ்வொரு படியிலும் ஒரு அருள்நிறை மரியே சொல்லி ஏறினோம். நான் குழந்தையோடு பக்கத்துக் கற்படியால் நடந்து போனேன். மாமா விழுந்துவிடுவாரோ, குழந்தைக்கு வெயில் படுமோ என்று எனக்கு இரண்டு பக்கமும் பயம். நாற்பதாவது படியில் மாமா நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை. மாமி பின்னால் இருந்து, களைத்த பந்தெறிகாரனை மாற்றக் கேட்கிற மாதிரி, "என்ன, பிச்சரை மாத்திறதே?" என்றார். அந்தப் படிகளில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதோடு மாமா மிச்சம் ஐம்பத்தொன்பதையும் ஏறி முடித்தார்.

உள்ளே, சுகமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சுவர் நிறையத் தொங்குகிற இடத்தில், மாமா பைக்குள்ளிருந்து உன் பழைய தோல் கையுறையை எடுத்தார். அம்மாவிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறார். அங்கே வைக்கப் போனபோது, காவலுக்கு நின்றவர் பொருட்களை விட்டுப்போகக் கூடாது என்று மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. கையுறையை என்னிடம் நீட்டினார். எனக்கு ஒரு கையில் குழந்தை. மற்றக் கையில் அதை மாட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். இடது கைக் கையுறை.

நாலு வருடம் உன் ஆட்டம் பார்த்தேன், டனிஸ்ரன், எறிகிற கையை மட்டுமே பார்த்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். நீயும் இப்போது அதை மட்டும்தான் பார்க்கிறாய். உனக்கு நேரே குண்டு போல் வந்த பந்துகளையெல்லாம் இந்த இடது கைதான் பிடித்தது. ஒன்றுகூட நழுவி நான் கண்டதில்லை. அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஞானஸ்நானம் கொடுக்கும் சுவாமியிடம் கேட்டுவிட்டேன். பிள்ளையின் தலை இடது கையில்தான் இருக்க வேண்டுமாம். வலது கை நெஞ்சுக்குக் கீழே சும்மா தாங்கினால் போதும், அறிக்கையில் உள்ளபடி அது உன்னால் முடியும். மெழுகுதிரியை அத்தான் பிடிப்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். நான் எவ்வளவு பயந்தவள் என்று உனக்குத் தெரியும். பிள்ளையை ஐந்து நிமிடம் பிறத்தியார் கையில் கொடுக்கமாட்டேன். உன் கையில் கொடுக்கப் பயமில்லை என்று அந்தக் கையுறையோடு நின்றபோது எனக்குத் தெரிந்தது.

யாரும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். மாமா கட்டாயம் தோளைத் தடவிப் பார்ப்பார். மாமி நீ மெலிந்துவிட்டாய் என்று அழுவார். முசியே ரெமோன் முதல் தடவையாகத் தமிழ்ப் பூசைக்கு வருகிறார், அதற்கென்று கோட்டு வாங்கியிருக்கிறார். பானை மூடியைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சுவாமி மாமாவிடம் சொல்லிவிட்டார். வாசலில் தட்டுவாராம்.

ஷெரோன் எழும்பிவிட்டாள். கையுறை அவளுடைய தொட்டில் ஓரத்தில் கிடக்கிறது. அதன் தோல்வாரை வாயில் வைத்துச் சப்புகிறாள். அழுக்கு என்று இரண்டு தரம் பறித்தேன். பிறகு கழுவித் துடைத்து நானே கொடுத்துவிட்டேன்.

ஆண்டவர் உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிப்பாராக. அந்தப் படிவத்தைக் கோயிலில் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஒக்டோபரில் இங்கே குளிர் தொடங்கிவிடும், தடித்த சட்டை கொண்டு வா.

உன் பெயர் எழுதக் கையில் பேனாவோடு,
அக்கா
அனோஜினி