குளத்து வாசலில் அப்பாவின் சிரிப்பு

கிரான்பர்ன், அவுஸ்திரேலியா,
வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி? மருந்தைப் பூசாமல் டொக்டரைத் திட்டிக்கொண்டு இருப்பியள் எண்டு தெரியும்.

இஞ்ச ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாற்றைப் பாட்டு நாடகமாப் படிப்பிக்கிறன். ஆதிக்குடிப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குள்ள விடாத ஊருக்கு, அறுபத்தஞ்சாம் ஆண்டு பல்கலைக்கழக மாணவர் பஸ்ஸில போய் எதிர்த்து நிண்ட கதை. குளத்து வாசல்காரனா நடிச்ச பெட்டை தொண்டை கிழியக் கத்தினாள். கத்தத் தேவையில்லை எண்டு நானே நடிச்சுக் காட்டினன். பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில எல்லாரும் சுகமோ எண்டு கேட்டு, சிரிச்சுக்கொண்டே வாசலை மறிச்சன்.

வேலி அடைக்க வந்த தம்பிமுத்து அண்ணை தண்ணி கேட்டால், நீங்களும் அப்பிடித்தானே சுகம் விசாரிச்சு, அவருக்கெண்டு குசினிக்கு வெளியில கொளுவின தகரப் பேணியில வாத்துக் குடுப்பியள்? குடிச்சிட்டு அவரே கழுவிக் கொளுவவேணும்.

நான் நடிச்சு முடிக்க, “மிஸ், இதை ஆரிட்டப் பழகினீங்கள்?” எண்டு அந்தப் பெட்டை கேட்டாள்.

ஒடியல் மா ஒரு கிலோ அனுப்புங்கோ. ஒராளுக்கு அளவாக் கூழ் காய்ச்ச எனக்கு இன்னும் வரேல்லை. ஒரு பானை காய்ச்சி மூண்டு நாள் தனியக் குடிக்கிறன்.

ஒத்திகைக்கு மணி அடிக்குது. நாடக நிகழ்ச்சிப் புத்தகத்தில உங்கட பேரும் வரவேணும் எண்டு போனில கேட்டனீங்கள். போட்டிட்டன். வாசல்காரனுக்கு நேர, ‘நடிப்புப் பயிற்சி: சி. அரியரத்தினம்’. இதோட ஒண்டு வைச்சிருக்கிறன், கோயிலடியில எல்லாருக்கும் காட்டுங்கோ.

மகள்,
மிருணாளினி