மீன்தொட்டியை விற்கமாட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் கை கால் முழுசா, சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும். கை கால் முழுசான்னு சும்மா எழுதலை, காரணம் கீழே வருது, நின்னுக்கிட்டுப் படிக்காம உட்கார்ந்து படி.

நீங்க ஆசையா அனுப்பின புதுக் கார் வந்து சேர்ந்தது. பளபளன்னு வாசலை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, எதிர்வீட்டு டெய்லர் தைக்கிறதைப் போட்டுட்டு வந்து சுத்திச் சுத்திப் பார்த்தார். காரைக் கண்டா எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்னு உனக்குத் தெரியும், நானும் ஆசையாத்தான் ஏறினேன். உட்கார்ந்ததும் மூச்சு முட்டுச்சு. பக்கத்துக் கண்ணாடி என் தோளுக்கு மேலதான் ஆரம்பிக்குது. முன்கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற தூண் என் தொடை பருமன், தெருமுனையில திரும்பற சைக்கிள்காரர் அதுக்குப் பின்னாடி முழுசா காணாமப் போய் அந்தப் பக்கமா வெளியே வர்றார். பின்கண்ணாடி தபால்பெட்டி வாய் மாதிரி இருக்கு. வெளியே நிக்கிறவங்க கண்ணுக்கு அழகா இருக்கணும்னு வரைஞ்ச புண்ணியவான், உள்ளே இருந்து என்ன தெரியும்னு ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தானா. கேட்டா கேமரா இருக்காம். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, அதுக்கு வழி விட்டா போதும்.

நம்ம வீட்டு வழக்கம் ஞாபகம் இருக்கில்ல, எந்தக் கார் வந்தாலும் நான் சீட்டுல உட்காருவேன், அப்பா சிவப்பு வாளியை பானட்டுக்கு முன்னாடி வெச்சு, என் கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் தள்ளித் தள்ளி வெச்சுக்கிட்டே போவார். நம்ம பழைய காருல, அதான் நாலு பக்கமும் கண்ணாடின்னு நீ மீன்தொட்டின்னு பேர் வெச்சியே, அதுல வாளி வெச்ச உடனே தெரியும். புதுசுல அப்பா கேட் வரைக்கும் போயிட்டார், அப்பத்தான் வாளியோட கைப்பிடி தலையைக் காட்டுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் வண்டியை நிழலுக்கு நகர்த்தலாம்னு இன்ஜினைப் போட்டேன். முன்னாடி யாரும் இல்லை, அப்பா வாளியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டார்னு நெனச்சேன். வண்டி கீ கீன்னு கத்துச்சு, அது வந்ததுலேர்ந்து சுவருக்கும் பூந்தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் கத்திக்கிட்டேதான் இருந்தது, யார் காதுல போட்டுக்குவா. கியரைப் போட்டு பிரேக்குலேர்ந்து காலை எடுத்தேன். பானட்டுல படார்னு ஒரு அடி விழுந்துச்சு. மிதிச்சு நிறுத்திட்டு இறங்கி ஓடினா, அப்பா வாளியைப் பக்கத்துல வெச்சுட்டு வண்டிக்கு முன்னாடி குனிஞ்சு, கழண்டு போன செருப்பு வாரை மாட்டிக்கிட்டு இருந்திருக்கார், வண்டி நகர்ந்ததும் கையால அடிச்சது அவர்தான். அவர் முட்டியை வண்டி தொட்டுக்கிட்டு நின்னுச்சு. அவர் என்னடான்னா, நீ என்னைக் கண்டுக்காம இருக்கிறது இன்னைக்குப் புதுசான்னு கேட்டுட்டு டீ போடச் சொல்றார். எனக்குச் சிரிப்பு வரலை. சமையலறையில போய் அழுதேன், எழுத்து கோணலா இருந்தா அதான் காரணம்.

மீன்தொட்டியில ஏர்பேக் இல்லை, எங்கேயாவது மோதினா அம்மா என்ன ஆவான்னு நீ போன்ல சொன்னது நியாயமான பயம், இல்லைன்னு சொல்லலை. ஆனா என்னைக் காப்பாத்தப் போய் உங்கப்பாவைப் பறிகொடுக்க என்னால முடியாது. ஏர்பேக்கும் வெச்சு கண்ணாடியும் பெருசா வெச்ச வண்டி ஒண்ணு தேடிக் குடு, அன்னைக்கு நானே மீன்தொட்டியைக் குடுத்துடறேன். அதுவரைக்கும் முடியாது. புதுக் காரைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லி கடைக்குப் போன் பண்ணியாச்சு. மீன்தொட்டியை வாங்கிக்க நீ பேசி வெச்ச ஆள் வந்தார், டீயைக் குடுத்தேன், சாவியைக் குடுக்கலை. வயசான காலத்துல என்ன பிடிவாதம்னு மாப்பிள்ளை கேட்பார், கேட்கட்டும், ஆமாம்னு சொல்லு.

ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு இருங்க. போட்டோவுல பார்த்தேன், நீ ஓட்டறதும் அந்த ஜாதி வண்டிதான். மறக்காம ஒரு வாளி வெச்சுப் பாரு. வெக்கிறது மாப்பிள்ளைன்னா, அவர் எழுந்து வந்து உன் ஜன்னல் பக்கத்துல நின்னப்புறம் சாவியைத் தொடு. நீ ஊருக்கு வரும்போது மீன்தொட்டியிலதான் கூப்பிட வருவேன், எத்தனை கூட்டத்துல நின்னாலும் தெரிவே.

இப்படிக்கு,
சொன்னதை மாத்தாத உன் அம்மா

கீழே இருக்கிற கையெழுத்து அப்பாவோடது. அவரே போட்டார்.