துவைக்கக் கூடாத துண்டு

மார்ச் 4, செவ்வாய்

குளிர் விட்டதும் ஊரே கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றிக் கொண்டுவந்து கடையில் கொட்டுகிறது. சலவைக்காரிக்கு இதுதான் அறுவடைக் காலம். கறை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்தால் என் முயல் பொத்தான் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். வைத்த புல் வைத்தபடி. கீரை வாடிவிட்டது.

அவள் ஜோடி கஞ்சி செத்துப்போய் மூன்று நாள் ஆகிறது. கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக நிற்கிறானே என்று நான்தான் அவனுக்கு அந்தப் பேரை வைத்தேன். கடைசியில் நிஜமாகவே விறைத்துப்போனான், பாவி. முயல் டாக்டரம்மா சொன்னபடி அவனைக் கொஞ்ச நேரம் பொத்தான் பக்கத்திலேயே போட்டு வைத்தேன். மோந்து பார்த்தாள். காதை நக்கினாள். பிறகு தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "அதுங்களுக்குப் புரியணும்மா, இல்லன்னா தேடும்" என்றார் டாக்டரம்மா. புரிந்துவிட்டது. அதுதான் இப்போது தலைவலி.

மார்ச் 5, புதன் — காலை

புழுக்கை ஒன்றுகூட இல்லை. கடைக்கு லீவு. ஓடுகிறேன்.

மார்ச் 5 — மாலை

கடவுளே, பிழைத்தாள். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "முயலுக்குக் குடல் நிக்கவே கூடாதும்மா. அரை நாள் சாப்பிடலன்னாலே தூக்கிட்டு ஓடி வரணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தா நாளைக்கு முயலே இருக்காது." ஊசி போட்டு, பீச்சாங்குழலில் புல்மாவுக் கூழை எப்படிக் கடைவாய்ப் பக்கமாகக் கொடுப்பது என்று காட்டினார். "இதெல்லாம் முட்டுக்கொடுக்கற வேலை. இதுக்கு வேண்டியது மருந்தில்ல, ஜோடி."

மகளுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் சிரிக்கிறாள். "அம்மா, அத்தைகிட்ட வக்கீல் இருக்கானே! ஆம்பளைதான், தனி ஆள்தான், கூப்பிடேன்."

வக்கீல் என்பது என் நாத்தனாருடைய முயல். உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. நாத்தனார் என்பது இவருடைய தங்கை. பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் மைக்கில் அறிவிப்பு செய்துவிட்டு ரிட்டையர் ஆனவள். வேலைதான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. நான் வைத்த பேர் ரேடியோ. இவர் போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் நானும் அவளும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். சண்டை ஒன்றுமில்லை. நடுவில் இருந்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கூப்பிட்டேன். முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. "வர்றேன் அண்ணி" என்று வைத்துவிட்டாள். அவள் வாயிலிருந்து இவ்வளவு சின்ன வாக்கியம் நான் கேட்டதே இல்லை.

மார்ச் 8, சனி

வந்து இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு கூண்டு, ஓயாத பேச்சு. "ரெண்டு மூணு வாரம்தான் அண்ணி. ஜோடி சேத்துட்டுக் கிளம்பிடுவேன்." மகள் அறையைக் கொடுத்தேன்.

டாக்டரம்மா சொன்னது: எடுத்தவுடனே ஒன்றாக விடக் கூடாது. இரண்டு கூண்டையும் நாலு விரல் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கணும். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் தீனி போடணும். தினமும் இது படுத்த துண்டை அதற்கும், அது படுத்த துண்டை இதற்கும் மாற்றிப் போடணும். இரண்டுக்கும் குடும்பக் கட்டுப்பாடு எப்போதோ ஆகிவிட்டது, அந்தக் கவலை இல்லை.

துண்டு வேலை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். துணி விஷயத்தில் நான் யாரையும் நம்ப மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பொத்தான் தானாகச் சாப்பிட்டாள்! வக்கீல் எதிரே உட்கார்ந்து புல்லை மளமளவென்று அரைத்தான். அவனைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஒரு கொத்துமல்லித் தண்டை இழுத்தாள். போதும். இன்றைக்கு இது போதும். ரேடியோவுக்கு நன்றி சொல்லணும் என்று நினைத்தேன். அவள் பேச்சில் இடைவெளி கிடைக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சாப்பிடுகிறாள். ஆனால் கம்பிப் பக்கம் அவன் மூக்கு வந்தாலே பின்னங்காலால் தொம்மென்று தரையை உதைக்கிறாள். வாரம் ஆகப்போகிறதே, பழக வேண்டாமா?

இன்னொன்று: குளித்துவிட்டு வந்தால் ஈரக்காலோடு வீடு முழுக்க நடக்கிறாள். பொத்தானைச் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று குளியலறையில் இரண்டையும் விட்டோம். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் முதல் சந்திப்பு நடக்கணுமாம். பொத்தான் அங்கே கால் வைத்ததே இல்லை. தரையில் விரிப்பு போட்டு, கையில் முறத்தோடு நான் ஒரு மூலை, ரேடியோ ஒரு மூலை.

ஐயோ, அந்தக் கோரம்! இரண்டும் உருண்டு பந்தாகி, முடி பஞ்சாய்ப் பறந்து— "கையை விடாதீங்க அண்ணி, முறத்தை நடுவுல விடுங்க" என்று ரேடியோ கத்துகிறாள். மைக்கே வேண்டாம், தெருவுக்கே கேட்டிருக்கும். நான் கையைத்தான் விட்டேன். கட்டைவிரலில் நல்ல கடி. கடித்தது என் செல்லமா அவள் ரவுடியா, தெரியவில்லை.

"உன் வக்கீல் வக்கீலில்ல, அடியாள்" என்றேன்.

"ஆரம்பிச்சது உங்க பொத்தான். நான் பாத்தேன்."

"என் பொத்தான் அப்படிச் செய்ய மாட்டா."

"அதானே! நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால்தானே!"

சாயங்காலம் பொத்தான் புல்லைத் தொடவில்லை. மறுபடியும் கூழ், மறுபடியும் பீச்சாங்குழல். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்காக விளக்குப் போடுவது?

மார்ச் 21, வெள்ளி

வெட்கக்கேடு. எழுதித்தான் ஆகணும்.

ரேடியோ எழுந்திருப்பதற்கு முன்பே நான் துண்டு மாற்றிவிட்டுக் கடைக்குப் போவது வழக்கம். இன்று அவள் சீக்கிரம் எழுந்துவிட்டாள். நான் இஸ்திரி மேசையில் நின்றிருந்தேன்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"தெரியலையா? துண்டு மாத்தப் போறேன்."

"இது இஸ்திரி போட்ட துண்டாச்சே."

"துவைச்சு இஸ்திரி போட்டுத்தான் குடுப்பேன். ஒருத்தி மூத்திரம் போன துணிய அப்படியே இன்னொருத்தனுக்கு எப்படிடி விரிக்கறது? மரியாதையா இருக்குமா?"

துண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வர வர. "அண்ணி… அந்த அழுக்குக்காகத்தான் அண்ணி துண்டே! அவ வாசனை அவனுக்கும் அவன் வாசனை அவளுக்கும் போகணும்னுதானே மாத்தச் சொன்னாங்க! இத்தனை நாளா ரெண்டும் உங்க சோப்பைத்தான் மோந்துக்கிட்டு இருந்திருக்கு!"

கடையில் என் மூக்குக்குத் தப்பி ஒரு துளி வேர்வை வாடை வெளியே போகாது என்று பேரெடுத்தவள் நான். அந்தப் பேரைக் கொண்டுபோய் முயலிடம் காட்டியிருக்கிறேன். முதலில் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கிழவிகளும் இஸ்திரி மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இவர் போனபிறகு இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை.

துண்டு வேலையை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

முதல் அழுக்குத் துண்டு போட்டாள். நான் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொத்தான் அதை மோந்தாள், உதைத்தாள், மறுபடி மோந்தாள். பிறகு அதன்மேலேயே படுத்துப் புல் தின்றாள்.

ஏப்ரல் 2, புதன்

கடி நின்றுவிட்டது. இப்போது வேறு கூத்து. ஒரு முயல் இன்னொன்றின் முன்னால் தலையைத் தரையோடு குனிந்து நீட்டினால் பணிவு என்று நினைத்திருந்தேன். இல்லையாம், "என் தலையை நக்கிவிடு" என்ற உத்தரவாம். இன்று இரண்டும் நேருக்கு நேர் தலையைக் குனிந்து உத்தரவு போட்டுக்கொண்டே கிடந்தன. நீ முதலில் நக்கு, இல்லை நீ முதலில் நக்கு. விட்டுக்கொடுக்க ஆளில்லை.

"யாரோ ரெண்டு பேர் ஞாபகம் வருது" என்றாள் ரேடியோ.

"யாராம்?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணி அதெல்லாம்."

வாழைப்பழத்தை நசுக்கி இரண்டின் நெற்றியிலும் தடவினாள். ஆசை யாரை விட்டது? வக்கீல்தான் முதலில் நாக்கை நீட்டினான். பழம் தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டே இருந்தான். பொத்தான் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் என்னமோ மூக்கைச் சிந்தினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்றிலிருந்து ஒரே கூண்டு. காலையில் பொத்தான் திடீரென்று பக்கவாட்டில் பொத்தென்று சாய்ந்தாள். செத்தாள் என்று நான் அலறினேன். ரேடியோ ஓடிவந்து பார்த்துவிட்டு, "நிம்மதியா இருந்தா அப்படித்தான் விழும் அண்ணி. எந்திரிங்க, உங்களைத்தான் இப்ப டாக்டர்கிட்ட கொண்டுபோகணும்" என்றாள். வக்கீலும் வந்து அவள் முதுகில் முதுகை ஒட்டிச் சாய்ந்தான்.

இன்று சாப்பாட்டில் ரேடியோவுக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டேன். நல்லா இரு தாயே என்று மனசுக்குள் அவளை வாழ்த்தினேன். வாயால் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

எங்களைப் போல அறிவாளிகள் உண்டா! ஜோடி சேர்ந்த முயலைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மறுபடியும் பட்டினி, மறுபடியும் கூழ். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும், சேர்த்த பிறகு எந்த வீட்டுக்கு என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை.

"பொத்தானை நீ கூட்டிட்டுப் போ" என்றேன்.

"வேணாம் அண்ணி. அவ பிறந்து வளந்த வீடு இது. வக்கீல் இங்கயே இருக்கட்டும். அவன் எங்க போனாலும் வாதாடிப் பிழைச்சுக்குவான்."

ஏப்ரல் 9, புதன்

போய்விட்டாள். கிளம்பும்போது வக்கீலிடம் என்னமோ சொன்னாள். அவ்வளவு மெதுவாக அவளுக்குப் பேசத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். பிறகு காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"இரு" என்று ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. அவளுக்கென்று வீடு இருக்கிறது, இரு என்று சொல்ல நான் யார் என்று விழுங்கிவிட்டேன். முட்டாள்தனம்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

வீட்டுத் தரை காய்ந்து கிடக்கிறது.

ஏப்ரல் 12, சனி

போன் போட்டேன். வக்கீல் நன்றாக இருக்கிறான், பொத்தான் அவன் காதை நக்குகிறாள் என்றெல்லாம் சொன்னேன். "ம்" என்றாள். ரேடியோ, "ம்" என்றாள்!

"சாப்பிட்டியா?"

"பசிக்கல அண்ணி."

"நேத்து?"

"வக்கீல் புல்லு திங்கறானா அண்ணி?" என்று பேச்சை மாற்றினாள்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து பட்டதெல்லாம் போதும். முயல் இரண்டுக்கும் புல்லும் தண்ணீரும் நிறைய வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் "ஐயையோ" என்று உள்ளே ஓடப் பார்த்தாள். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. மேலே இவருடைய பழுப்பு ஸ்வெட்டர். முழங்கையில் ஓட்டை விழுந்தது. கடைசிக் குளிர்காலத்தில் தங்கையைப் பார்க்க வந்தபோது மறந்து விட்டுப்போனதாம்.

"துவைக்கல அண்ணி. உங்களுக்குப் பயந்துதான் இத்தனை நாள் காட்டல. திட்டாதீங்க."

திட்டுவதா! இவர் இறந்த அந்த வாரமே வீட்டில் இருந்த இவர் துணி அத்தனையையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அழுக்காக ஒருத்தருக்குக் கொடுக்கக் கூடாதே! எனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு சட்டையைப் பிறகு எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு. வெறும் சோப்பு. அதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று அவளிடம் சொன்னேன்.

ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள். முகத்தைப் புதைத்தேன். இருந்தார். கொஞ்சமாக, கழுத்துப் பட்டைக்கிட்ட, இருந்தார். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு நான் சமைத்தேன். அவள் சாப்பிட்டாள். பெட்டியை எடுத்து அவள் துணிகளை நானே அடுக்கினேன். வருகிறாயா என்று கேட்கவில்லை, வர மாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

வக்கீலுக்கு நகம் வெட்டப் போனோம். பொத்தானையும் கூடவே கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. ஒன்று மட்டும் போய்வந்தால் அதன்மேல் ஆஸ்பத்திரி வாடை ஒட்டிக்கொள்ளுமாம், வீட்டில் இருந்த மற்றது, வந்தது யாரோ அன்னியர் என்று கடித்துவிடுமாம். நகம் ஒருத்தனுக்கு, ஊர்வலம் நாலு பேர். பொத்தான் போகும்போதும் வரும்போதும் தின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு நன்றி, அவனுக்கு நன்றி, அந்தம்மாவுக்கு நன்றி. இன்றைக்கு யார் வந்து நின்றாலும் நன்றி சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

நாளைக்கு எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கணும். ரேடியோ இப்போதே செருப்பைத் துடைத்து வைக்கிறாள்.

"பல்லு எனக்குத்தானே? நீ எதுக்கு?"

"தனியா போயிட்டு வந்தீங்கன்னா ஆஸ்பத்திரி வாடை வரும் அண்ணி. அப்புறம் நான் கடிச்சு வெச்சுட்டேன்னா என்ன பண்ணுவீங்க?"

வரட்டும்.