ஹேட்டிக்கு வேண்டாத கார்

ஒவோசோ, மிச்சிகன்
ஏப்ரல் 3

அன்புள்ள ஹேட்டி,

எழுத உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. ஆகவே சொல்ல வேண்டியதை முதலில் குறித்துக்கொள்கிறேன்:

1. என் காரை உனக்குத் தர விரும்புவது.
2. கார் இல்லாத பதினேழு வயதுப் பெண் வீட்டுக்குள் அடைபட்டுப் போவாள் என்பது.
3. காரைக் கொண்டுவந்து சேர்க்கும் விதம்.
4. வேறொரு விஷயம். எழுதுவேனா என்று தெரியவில்லை.

எனக்குப் பதினாறு முடிந்த அன்று, கண் மங்கியிருந்த என் அப்பா சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். அதன்பின் அவர் ஓட்டவே இல்லை. உனக்குப் போன வருடமே தந்திருக்க வேண்டும். நீ லைசென்ஸ் எடுப்பாய் என்று காத்திருந்துவிட்டேன்.

ஜூன் 8, உன் பிறந்தநாளன்று நானே கொலம்பஸுக்கு ஓட்டி வருகிறேன். வழியை ஏழு பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்காவதை விட்டுவிடுகிறேன்.

உன் அன்புத் தாத்தா,
வெண்டெல்

கொலம்பஸ், ஒஹாயோ
ஏப்ரல் 12

அன்பு தாத்தா,

மூணு நாளா பேனாவைக் கடிச்சிட்டிருந்தேன். கோவிச்சுக்காதீங்க. எனக்குக் கார் வேணாம்.

உங்க கார்ல ஒரு குறையும் இல்ல. எந்தக் காருமே வேணாம். உங்க லெட்டரைப் படிச்சிட்டு அம்மா, "லைசென்ஸ் ஆபீஸ் தொறக்கறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நின்னவ நான். எனக்குப் போய் இப்படி ஒரு பொண்ணு!"ன்னு புலம்பினாங்க. என் வகுப்புல பாதிப் பேர் லைசென்ஸே எடுக்கல. கார் ஓட்டற ஒரே தோழி ப்ரையர். "வாங்கிடாதடி! அப்புறம் என்னை மாதிரி ஊரையே ஏத்தி எறக்கிட்டு அலைவ"ன்னு அவளே சொல்றா. பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்து படம் வரையறேன் தாத்தா. அந்த இருபது நிமிஷத்தை விட்டுக்குடுக்க மனசு வரல.

அது சரி, கொலம்பஸுக்கு வர ஏழு பக்கம் எதுக்கு? அந்த நாலாவது விஷயம் என்ன?

ஹேட்டி

ஒவோசோ
ஏப்ரல் 20

அன்புள்ள ஹேட்டி,

உன் கடிதத்தைத் தபால் பெட்டியருகே நின்றபடியே படித்தேன். எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அது ஏன் என்று சொல்லத்தான் வேண்டும்.

எனக்குக் கார் ஓட்டப் பயமாக இருக்கிறது. அக்டோபரில் எதிரே வந்த லாரியைக் கவனிக்காமல் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். மயிரிழையில் தப்பினேன். அன்று முதல் எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்கும் அந்தத் திருப்பத்தையே விட்டுவிட்டேன். இடப்பக்கம் போக வேண்டுமானால் மூன்று முறை வலப்பக்கம் திரும்பிச் சுற்றி வருகிறேன். ஏழு பக்கங்கள் அதற்காகத்தான். மருந்துக் கடை தவிர வேறெங்கும் போவதில்லை. பக்கத்து வீட்டு டுவெய்ன், "என்ன வாத்தியாரே, மூணு தரம் சுத்திட்டீங்க! வீடு மறந்துபோச்சா?" என்று கேட்கிறான். சிரித்து மழுப்புகிறேன்.

உன்னிடம் கொடுத்துவிட்டால் கௌரவமாக நிறுத்திவிடலாம் என்று எண்ணினேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே.

தாத்தா

கொலம்பஸ்
ஏப்ரல் 27

தாத்தா,

வாங்கிக்க ஆள் இல்லாமலே நிறுத்தலாம். ஓட்டாம இருந்தா போதும், அவ்வளவுதான்!

அம்மாகிட்ட சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. அவங்க கத்தல. அப்படியே நாற்காலியில உட்கார்ந்து அழுதுட்டு, "கார் ஓட்டறதை நிறுத்துங்கன்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வருஷமா தவிச்சிட்டிருந்தேன்"னாங்க.

உங்க ஊர்ல பெரியவங்களுக்குன்னு வேன் இருக்கு. முந்தின நாள் போன் பண்ணா வாசலுக்கே வரும். நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கேன். டிரைவர் இடப்பக்கம் திருப்பினா கண்ணை மூடிக்கோங்க.

பிறந்தநாளுக்கு நானே பஸ்ல வரேன். கேக் உங்க பொறுப்பு.

ஹேட்டி

ஒவோசோ
ஜூன் 15

அன்புள்ள ஹேட்டி,

பத்திரமாக ஊர் சேர்ந்தாய் என்று அம்மா சொன்னாள். நீ கிளம்பிய மறுநாளே தேவாலயத்துக்காரர்கள் வந்து காரை எடுத்துப் போனார்கள். நடமாட முடியாதவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக உதவுமாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது.

இந்த வாரம் நூலகத்துக்கு இரண்டு முறை, சதுரங்கக் கூட்டத்துக்கு ஒரு முறை, ஆற்றங்கரைக்கு ஒரு முறை போனேன். வேன் ஓட்டும் லொரெட்டா, "மறுபடியும் நீங்களா? வீட்ல கால் தரிக்காதா சார் உங்களுக்கு?" என்று கேலி செய்கிறாள். திருப்பங்களில் இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஒன்றைத் திருத்தியாக வேண்டும். கார் இல்லாத பெண் வீட்டுக்குள் அடைபட்டுப் போவாள் என்று இரண்டாவதாக எழுதியிருந்தேன். நீ இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் தாமதமாக, வழியில் வரைந்த பதினோரு முகங்களோடு வந்து இறங்கினாய். எட்டு மாதம் வாசலில் காரை நிறுத்திவைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தவன் நான்.

இரண்டாவதாக எழுதியது தவறு.

தாத்தா