இருபத்தொன்பது மில்லிமீட்டர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கண் என்று ஆரம்பித்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் எடுத்த உன் விழித்திரைப் படத்தை எத்தனை தடவை பார்த்தும் அலுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கண்ணின் முன்பின் நீளம் இருபத்துநாலு மில்லிமீட்டர், உனக்கு இருபத்தொன்பது! கண் நீண்டதே தவிர, உள்ளே இருக்கும் திரை அதற்கு ஏற்ப வளரவில்லை. இழுபட்டு, ஓரமெல்லாம் மெலிந்து, பின்னால் உள்ள ரத்தக்குழாய்கள்கூடத் தெரிகின்றன. அவ்வளவு அழகு.

உன் தங்கை

மார்ச் 11

என் செல்லத்துக்கு,

உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "உனக்கு நாக்குதான் நீளம்னு நெனச்சேன்" என்கிறார்.

ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் கண்ணாடி போட்டும் திரை ஏன் சரியாகவில்லை? கண்ணாடியைக் கழற்றினால்தான் எனக்குக் கடிகாரத்தின் பல்சக்கரமே துல்லியமாகத் தெரிகிறது. அந்தக் கண்ணையா குறை சொல்கிறாய்?

கடையில் ஒரே எரிச்சல். ரிப்பேருக்கு வந்த ஒரு வாத்தியாரின் கைக்கடிகாரத்தை மூன்று தடவை திறந்துவிட்டேன். உள்ளே கரும்பொடி மிதக்கிறது, ஊதினாலும் போகமாட்டேன் என்கிறது. ஓரத்தில் பளிச்பளிச்சென்று வேறு மின்னுகிறது. விளக்கை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

மார்ச் 14, ரயிலில்

அக்கா,

உன் கடிதம் காலையில் வந்தது. உன்னை உடனே கண் டாக்டரிடம் அழைத்துப் போகும்படி அத்தானிடம் போனில் சொல்லிவிட்டேன். நான் நேராக அங்கே வருகிறேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிக் கையில் தருகிறேன்.

அந்தப் பொடி கடிகாரத்தில் இல்லை, உன் கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணாடி வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழவைக்கும், அவ்வளவுதான். நீண்ட கண் நீண்டதுதான், மெலிந்த திரை மெலிந்ததுதான். கரும்புள்ளியோ மின்னலோ தெரிந்தால் திரை கிழிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஓடி வரவேண்டும். டாக்டர் உனக்கு எழுதச் சொன்னதே அந்த ஒரு வரிதான். படத்தின் அழகைப் பேசிப் பேசி அதை விட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

கிழிந்த திரையை ஒட்ட ஆபரேஷனில் வலது கண்ணுக்குள் அடைத்த வாயுக்குமிழி நேற்றோடு கரைந்துவிட்டது. கடைசியில் கடுகளவாகி அங்குமிங்கும் உருண்டது, வேடிக்கையாக இருந்தது. ஆனால் சக்கரத்தின் பற்கள் நெளிந்து தெரிகின்றன. அந்தக் கண்ணால் இனி நுண்ணிய வேலை முடியாதாம்.

உன்மேல் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. குமிழி திரையை அழுத்திப் பிடிக்கக் குப்புறப் படுத்திருந்த நாளெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். அத்தான் ஒருநாள் கேட்டார்: "அவ எழுதியிருந்தா மட்டும் நீ போயிருப்பியா?" அன்றோடு திட்டுவதை விட்டேன்.

இடது கண்ணும் அதே நீளம்தானே? எனக்குப் பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வருகிறேன். படம் எடுக்க வேறு யாரும் வேண்டாம், நீயே எடு.

உன் அக்கா