புளி தேய்த்த ரீல்

தேஹு ரோடு,
ஜூலை 2004

ஷைனி அம்மாவுக்கு,

வாகடில் மகள் வீட்டில் உனக்கு வசதியாகத்தான் இருக்கும். இங்கே மழை விடவில்லை.

ஜூனா பஜாரில் பழைய சாமான் கடையில் வாங்கினேனே, கடலில் பெரிய மீன் பிடிக்கிற தூண்டிலுக்கு நூல் சுற்றும் பித்தளை ரீல், அதை நீ புளி போட்டுத் தேய்த்து, "குடம் மாதிரி மின்னுது பாருங்க" என்று நீட்டினாய். கறுப்பு ஏறியிருந்தால்தான் வயது தெரியும், எல்லாம் போச்சு என்று நான் கத்தியதும் அதற்குத்தான். அந்தக் கோபத்தில் நீ கிளம்பிய அன்று பரணில் போட்டதை நேற்றுதான் எடுத்தேன்.

அடிப்பக்கம், கறுப்பு போன இடத்தில், பொடி எழுத்தில் ஏதோ தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காப்புரிமை ஆண்டு, 1911. முப்பதுகளில் செய்தது என்றல்லவா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நூல் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் சக்கரம் உடைந்து விழுந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது இருந்ததே இல்லை, அதெல்லாம் பிற்பாடு வந்தது. இதில் ஒரு தோல் பட்டைதான். ஆளைவிடக் கனமான மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது, எவனோ ஒருவன் அந்தத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தியே நிறுத்தியிருக்கிறான். அவன் விரல் பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. என் விரலை வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. வெகுநேரம் எடுக்கத் தோன்றவில்லை.

இதை யாரிடம் சொல்வது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன்.

ஆண்டு தெரியாத ரீல் இன்னும் இரண்டு இருக்கிறது. புளி ஊறவைத்திருக்கிறேன். எவ்வளவு அழுத்தித் தேய்ப்பது என்பது உன் கைக்குத்தான் தெரியும்.

உன் வீட்டுக்காரன்