பையில் இருந்த வெள்ளை மொச்சை

டொனோஸ்தியா, வியாழன்

எனெகோ,

‘அன்புள்ள கணவனுக்கு’ என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று உங்கள் சமையல் சங்கத்தில் என்னைச் சேர்ப்பதா என்று ஓட்டுப் போட்டீர்கள். ஆண்கள் மட்டுமே அடுப்பைத் தொடும் இடம். பெண்கள் விருந்தாளியாக வந்து சாப்பிடலாம், சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. பெட்டியில் வெள்ளை மொச்சை போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் மறுப்பு; ஒரு கறுப்பு விழுந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. ஒன்றே ஒன்று விழுந்தது.

“எவனோ ஒரு கிழவன் போட்டுத் தொலைச்சிருக்கான். நீ மனசுல வச்சுக்காதம்மா” என்று என் தோளைத் தட்டினாய்.

இன்று காலை உன் கால்சட்டையைத் துவைக்க எடுத்தேன். ஓட்டுப் போட ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு மொச்சை தருவார்கள். ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதைப் பையில் மறைத்துக்கொள்வது உங்கள் வழக்கம். உன் பையில் இருந்த வெள்ளையைத்தான் இந்தக் கடிதத்தின் மேல் வைத்திருக்கிறேன்.

அங்கே நீ வைத்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்களே, அந்த மீன் குழம்பு யாருடைய செய்முறை? போன முறை அது எண்ணெய் பிரிந்து திரிந்தபோது கழிப்பறையில் ஒளிந்துகொண்டு எனக்குப் போன் செய்தாய். “இப்ப என்னடி பண்றது? சீக்கிரம் சொல்லு!” நான் உள்ளே வந்தால் குட்டு உடைந்துவிடும், அதுதானே?

சனிக்கிழமை நாற்பது பேருக்கு நீதான் சமைக்கிறாயாம். நானும் வருவேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, முதல் மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாதவள்